தொழிற்பயிற்சியும் காரணம் அறிதலும்

ஒரு யந்திரத்தை இயக்கக் கற்பிப்பது வேறு. அது இயங்கும் விதத்தை அறியச் செய்வது வேறு. 1950-இல் மத்திய அரசாங்கம் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிற்று. 1961-இல் தொழில் பழகுநர் சட்டம் நிறைவேறிற்று. இவற்றால் இலட்சக்கணக்கான இளைஞர் பிட்டராகவும், டர்னராகவும், மின்பணியாளராகவும் பிழைப்புப் பெற்றனர். ஆயினும், ஒருமுறை கற்ற தொழில் ஆயுள் முழுதும் சோறிடும் என்ற நம்பிக்கை இன்று தளர்ந்துவிட்டது.

கிராமத்து நீரிறைக்கும் பம்பையே நோக்குக. 2019-இல் தொடங்கிய குசும் திட்டத்தின் வாயிலாகப் பரவிவரும் சூரியசக்திப் பம்பில், டீசல் எஞ்சினின் பிஸ்டனும் இல்லை. எண்ணெய்க் குழாயும் இல்லை. பழைய பாகங்களை மட்டும் மனனம் செய்தவன் திகைத்து நிற்பான். மின்னழுத்தம், மின்னோட்டம், நீரேறும் உயரம் ஆகியவற்றை அளந்து பழுதின் காரணத்தைக் காணப் பழகியவனோ புதியதையும் விரைவில் கற்பான்.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்பு மாணவர் பத்து நாட்கள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழிலாளரிடம் பழகுவதற்கு வகை செய்துள்ளது. அந்நாட்கள் வேடிக்கை பார்ப்பதில் கழியலாகாது. களப்பணியாளர் பழுதுற்ற பம்பை மாணவர்முன் பிரித்துக் காட்டவேண்டும். ஆசிரியர் அது நின்றதன் காரணத்தை அவர்களே ஆராயுமாறு செய்யவேண்டும். இன்று பள்ளியிலிருக்கும் பிள்ளை இன்னும் பல்லாண்டுகள் உழைக்கவேண்டியவன். அதற்குள் பல யந்திரங்கள் வந்து மறையும்.