கையெழுத்துப் போட மறுத்த எஞ்சினியர்

பழைய கதையைப் புதிதாக எடுப்பதில் தவறு ஒன்றும் இல்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது போலத்தான் அது. ஆனால் ஈயம் பூச வாங்கிப் போனவர், பாத்திரத்தின் அடியையே மாற்றிக் கொண்டுவந்தால் வீட்டுக்காரர் கேட்கத்தானே செய்வார்? 'ஸ்டார் ட்ரெக்' ரசிகர்களின் நிலை இதுதான். அவர்களில் அடியேனும் ஒருவன்.

நம் சங்க அன்பர்கள் சிலருக்கு 1980களில் தூர்தர்ஷனில் இத்தொடரைப் பார்த்த நினைவு இருக்கும். ஜீன் ராடன்பெரி உருவாக்கி, அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பானது. எண்டர்பிரைஸ் என்ற விண்கலம், கேப்டன் கர்க், கூர்காது ஸ்பாக், டாக்டர் மெக்காய், எஞ்சின் அறையை ஆளும் ஸ்காட்டி. இதே பாத்திரங்களுக்கு இளம் நடிகர்களைப் போட்டு 2009, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் எடுத்தார்கள். இவற்றில் இரண்டாவது படத்தை, அது வெளியான ஆண்டிலேயே லாஸ் வேகாஸில் கூடிய ரசிகர்கள், அதுவரை வந்த 12 ஸ்டார் ட்ரெக் படங்களிலும் கடைசி என்று தரவரிசைப்படுத்தினார்கள். கோபம் அவ்வளவு!

ரசிகர்கள் கோரும் மாற்றங்கள் ஏராளம். டீசல் லோகோ ஷெட்டில் காலம் கழித்தவன் என்ற முறையில் நான் வழிமொழிபவை நான்கு.

முதலாவது, பதவி உயர்வு. 2009 படத்தில் கர்க் ஒரு பயிற்சி மாணவன். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகி இருப்பவன். நண்பனின் தந்திரத்தால் கலத்தில் ஏறுகிறான். உடனே துணைத் தலைவன், பிறகு தற்காலிகத் தலைவன், படம் முடியும்போது நிரந்தர கேப்டன்! பழைய கர்க் வேறு கலங்களில் இளநிலை அதிகாரியாக இருந்து தேறி வந்தவர். டிப்ளமோ படித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன் சீனியர் செக்ஷன் எஞ்சினியர் ஆவதற்குள் தலை நரைத்துவிடும். அவ்வளவு தாமதம் கர்க்குக்கு வேண்டாம். ஆனால் நூற்றுக்கணக்கானோர் உயிரை ஒப்படைக்கும் நாற்காலிக்குத் துணிச்சல் மட்டும் போதும் என்று இளைஞர்களுக்குச் சொல்லலாமா?

இரண்டாவது, எஞ்சின் அறை. 2009 படத்தின் எஞ்சின் அறைக் காட்சிகளை லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்ள ஒரு பீர் தொழிற்சாலையில் எடுத்தார்கள். பார்த்தால் அப்படியே தெரிகிறது. பெரிய தொட்டிகள், குழாய்கள், வால்வுகள்; எது எதற்கு என்று ஒன்றும் விளங்காது. பழைய தொடரின் அட்டை செட்டில்கூட ஸ்காட்டி எதைத் திருகினால் எது நடக்கும் என்பது நமக்குப் புரிந்தது. 2013 படத்துக்கு லிவர்மோர் லேசர் ஆய்வுக்கூடத்தில் படம் பிடித்து இக்குறையை ஓரளவு சரிசெய்தார்கள். அதற்கு நன்றி.

மூன்றாவது, சாவு. 1982 படத்தில் கலத்தைக் காப்பாற்ற ஸ்பாக் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய்ப் பழுதைச் சரிசெய்து உயிர்விடுகிறார். அவர் மீண்டும் வர ரசிகர்கள் 1984 வரை, அடுத்த படத்துக்காகக் காத்திருந்தார்கள். 2013 படத்தில் அதே காட்சியைத் திருப்பிப் போட்டு கர்க்கைச் சாகடிக்கிறார்கள். அவர் உலையைச் சரிசெய்யும் முறை என்ன தெரியுமா? காலால் உதைப்பது! அதன்பின் வில்லனின் ரத்தத்தை ஏற்றி அதே படத்தில் பிழைக்க வைத்துவிடுகிறார்கள். தியாகம் என்றால் திரும்ப வராதது என்று அர்த்தம். செலவே இல்லாத தியாகத்தைக் கண்டு கண் கலங்குவது எப்படி?

நான்காவது, நமக்கு நெருக்கமானது. அந்த வில்லனின் பெயர் கான் நூனியன் சிங். 1967-ல் அவன் முதலில் தோன்றிய பகுதியிலேயே, வட இந்தியாவைச் சேர்ந்த சீக்கியனாக இருக்கலாம் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. அன்று மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான் நடித்தார். அந்தக் காலத்தில் ஹாலிவுட்டில் இந்திய நடிகர்கள் அரிது என்று விடலாம். 2013-ல் ஆங்கிலேயரான பெனடிக்ட் கம்பர்பாட்சைப் போட்டதற்கு என்ன சமாதானம்? நல்ல நடிகர்தான், ஆனால் சிங் என்ற பெயருக்கு உரியவர் உலகில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லையா? அவர்தான் கான் என்பதைப் படம் வெளிவரும் வரை மறைத்தும் வைத்தார்கள். முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று இயக்குநர் ஜே.ஜே. ஆப்ராம்ஸ் பின்னர் கூறினார். இத்தனைக்கும் 1986-ல் வந்த படத்திலேயே நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் ஒரு விண்கலத்தின் கேப்டனாகச் சிறிது நேரம் தோன்றியிருக்கிறார்!

குறைகளை மட்டும் சொல்வது முறையல்ல. கார்ல் அர்பனின் டாக்டர் மெக்காய் பழையவரை அப்படியே கண்முன் நிறுத்துகிறார். 2016 படத்தில் எல்லோரும் சேர்ந்து யோசித்துப் பிரச்சினையைத் தீர்க்கும் பழைய பண்பு திரும்பி வந்தது. ரசிகர்கள் கடைசி இடம் கொடுத்த 2013 படத்திலேயே, நான் ஒரு பிரேம்கூட மாற்றக்கூடாது என்று சொல்லும் காட்சி ஒன்று உண்டு. கலத்தில் 72 டார்பிடோக்களை ஏற்ற வருகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போட முடியாது என்கிறார் ஸ்காட்டி. கேப்டன் உத்தரவிடுகிறார். அப்படியானால் ராஜினாமா என்கிறார். ராஜினாமா ஏற்கப்படுகிறது. பிறகு பார்த்தால், ஒவ்வொரு டார்பிடோவுக்குள்ளும் உறைநிலையில் ஒரு மனித உயிர்!

"வண்டிக்கு நேரமாகிறது, கையெழுத்தைப் போடுங்கள் சார்" என்ற நச்சரிப்பைக் கேட்காத ஷெட் எஞ்சினியர் யார்? பிரேக் சோதனை முடியாமல் 'ஃபிட்' என்று எழுத முடியாது என்று நின்றால் கெட்ட பெயர். எழுதிவிட்டு ஏதாவது நடந்தால் ஆயுளுக்கும் தூக்கம் இல்லை. வெடிப்பும் துரத்தலும் நிறைந்த படத்தில் அந்த ஒரு நிமிடம்தான் எனக்கு நிஜமாகத் தோன்றியது.

"படம்தானே சார், இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று இளைய அன்பர்கள் கேட்கலாம். விஞ்ஞானக் கதையைப் பார்த்து எஞ்சினியரிங் படிக்கப் போனவர்கள் உலகெங்கும் உண்டு. அவர்கள் உதைப்பதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா, மறுப்பதைக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்பதே கேள்வி. அடுத்து யார் படம் எடுத்தாலும், கேப்டனுக்குக் கொஞ்சம் அனுபவமும், சாவுக்குக் கொஞ்சம் மரியாதையும், ஸ்காட்டிக்கு இன்னும் சில காட்சிகளும் கொடுக்கட்டும். பாத்திரத்தின் அடி பத்திரமாக இருக்கும்.