பிறவிக் குணமா? தேன்கூட்டைக் கேளுங்கள்

'அது பிறவிக் குணம், மாறாது.' எங்கள் மண்டூரில், படிப்பில் பின்தங்கும் பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் இவ்வாறு தீர்ப்புக் கூறுவதைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். படுவான்கரைக் காட்டுத்தேனை விரும்பிச் சுவைக்கும் நாம், தேனீக்களிடம் ஒரு பாடமும் கற்கலாம்.

இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்தே தோன்றுகின்றன. தொடர்ந்து அரசகூழ் ஊட்டப்பெறும் புழு இராணியாகி, முட்டையிட்டு, ஆண்டுக்கணக்கில் வாழ்கிறது. ஏறத்தாழ மூன்று நாட்களின் பின் உணவு மாற்றப்படும் புழு வேலைக்காரியாகி, பெரும்பாலும் சில வாரங்களில் மடிகிறது. எந்த மரபணு இயங்கும், எது உறங்கும் என்பதிலேயே வேறுபாடு. இதனை ஆராயும் துறையே எபிஜெனெடிக்ஸ்.

2008இல் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரபணுக்களில் மெதைல் குறியிடும் நொதியம் ஒன்றைப் புழுக்களில் அடக்கினர். அவற்றுட் பெரும்பாலானவை இராணிகளாயின. அடக்கப்படாதவற்றுட் பெரும்பாலானவை வேலைக்காரிகளாகவே வெளிவந்தன.

மனிதன் தேனீ அல்லன், ஒப்புமைக்கு எல்லையுண்டு. ஆயினும், 'இரத்தத்தில் உள்ளதே விதி' என்போர் இனி அறிவியலைச் சாட்சிக்கு அழைக்க இயலாது. பிள்ளையைக் குறைகூறுமுன், அதற்கு நாம் ஊட்டியது என்னவென்று நம்மையே கேட்போம்.