பட்டத்து யானையும் தீனிச் செலவும்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் காலையில் என் தங்கை டெலிபோனில் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்கள் வீட்டுக்கு ஜெர்மன் கார் வரப்போகிறது! 60 லட்ச ரூபாய் எஸ்.யூ.வி. வண்டி, நாலரை வருஷம்தான் ஓடியிருக்கிறது. 36 லட்சத்துக்குக் கிடைக்கிறது. முன்பணம் கூடக் கொடுத்தாகிவிட்டது" என்றாள். குரலில் பாதி சந்தோஷம், பாதி பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவள் கணவர் முப்பது வருஷம் உழைத்து, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணம் அது. ஆசையிலும் நியாயம் இருந்தது. அவளுடைய மாமியாருக்கு முழங்கால் வலி. தாழ்ந்த காரில் குனிந்து ஏற முடிவதில்லை. உயரமான வண்டியானால் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்துவிடலாம். ஆகவே, 'இந்த வயசில் இதெல்லாம் எதற்கு?' என்று நான் கேட்கவில்லை. 'விலை நியாயந்தானா?' என்று மட்டும் கேட்டேன்.

சகோதரிகளே! கத்தரிக்காய் வாங்கினால் காம்பைப் பார்க்கிறோம். பட்டுப் புடவை வாங்கினால் முந்தானையை விரித்துப் பார்க்கிறோம். கார் என்று வந்தால் மட்டும், 'அது ஆண்கள் சமாசாரம்' என்று ஒதுங்கி நிற்கலாமா?

மறுநாள் தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனோம். வண்டி மணப்பெண்ணைப் போல் பளபளத்தது. மெக்கானிக் வெளிப் பூச்சைப் பார்க்கவே இல்லை. ஸீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார். அடி நுனியில் காய்ந்த சேற்றுக் கோடு! மாற்றுச் சக்கரம் வைக்கும் பள்ளத்திலும் வண்டல். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றதை நாம் மறந்துவிடக் கூடாது. இந்த வண்டிகளில் எங்கு பார்த்தாலும் மின்சார ஒயர்கள். நனைந்தவை இன்று நன்றாக இருக்கும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் படுக்கும்.

திரும்பி வந்துவிட்டோம். கொடுத்த முன்பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது. தங்கையின் கணவர் ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தோம். விற்கிறவர், 'நான் இத்தனை கொடுத்து வாங்கினேன்' என்று பழைய பில்லைக் காட்டுவார். அது நமக்கு அளவுகோல் அல்ல. இன்றைக்கு அதே வண்டி புதிதாக என்ன விலை என்பதுதான் கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்.யூ.வி. வண்டிகளுக்கு, ஸெஸ்ஸையும் சேர்த்து 50 சதவீதமாக இருந்த வரி 40 சதவீதமாகிவிட்டது. புதியதன் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கத்தானே வேண்டும்?

அடுத்தபடி, இன்ஷூரன்ஸ்காரர்கள் கழிவு போடும் முறை ஒன்று உண்டு. வண்டிக்கு ஒரு வருஷம் கடந்து இரண்டுக்குள் என்றால் 20 சதவீதம் கழிவு, மூன்றுக்குள் 30, நாலுக்குள் 40, ஐந்துக்குள் 50. சந்தை விலை இதற்குச் சற்று மேலேயோ கீழேயோ போகலாம். ஆனால் பேரத்தை எங்கே தொடங்குவது என்பதற்கு இது நல்ல கணக்கு. புதிது 60 லட்சமானால், நாலரை வருஷத்து வண்டிக்கு 30 லட்சம்.

இனிதான் முக்கியமான விஷயம். வருஷம் ஆக ஆகக் காரின் விலை இறங்குகிறது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. பாதி விலைக்கு வாங்கிய வண்டி என்பதற்காகப் பிரேக்கைப் பாதி விலைக்கு யாரும் தரமாட்டார்கள். பட்டத்து யானையைச் சல்லிசாகப் பிடித்துவிடலாம். தீனி பட்டத்து யானைத் தீனிதான்! ஆகவே, உடனே செய்ய வேண்டிய ரிப்பேரை மதிப்பிட்டு விலையிலிருந்து கழிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருஷம் 23-வது வாரத்தில் தயாரானது என்று அர்த்தம். கிலோமீட்டர் கணக்கை ஸர்வீஸ் ரசீதுகளோடு ஒப்பிட வேண்டும். மீட்டர் குறைவாகக் காட்டி, ஸ்டீயரிங்கும் பிரேக் மிதியும் தேய்ந்து வழவழத்திருந்தால் எச்சரிக்கை!

காகிதங்களையும் மறக்கக் கூடாது. ஆர்.சி.யில் பாங்கிக் கடன் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் 35-ம் எண் படிவமும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் எண் படிவங்கள். கட்டாத அபராதம் ஏதும் உண்டா என்றும் பார்த்துக் கொள்ளுங்கள். வெளி மாநில வண்டி மலிவாகத் தெரிந்தால், இங்கே மறுபடி கட்டவேண்டிய சாலை வரியைக் கூட்டிப் பாருங்கள், மலிவு மறைந்துவிடும். பெயர் மாறிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் நம் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும்.

இரண்டாவதாக ஒரு வண்டி, சொந்தக்காரரிடமே கிடைத்தது. அதே ரகம், அதே வயசு. 34 லட்சம் கேட்டார். நாலு டயர், பேட்டரி, பிரேக் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகும் என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். தங்கை அந்தக் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அன்று மாலை 28 லட்சத்தில் முடிந்தது. மிச்சத்தில் ஒரு பகுதியை, 'தீனிச் செலவு' என்று பாங்கியில் தனியாகப் போட்டுவிட்டாள்.

முதல் நாள் மாமியாரைக் கோவிலுக்கு அழைத்துப் போனார்கள். யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார் அந்த அம்மாள். கண்ணாடி வழியே தெருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு மகனைக் கேட்டார்: "ஏண்டா, இது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?"

பார்த்தீர்களா? நாங்கள் இத்தனை பேர் கணக்குப் போட்டோம். தினப்படி தீனியைப் பற்றிக் கேட்கப் பாட்டி ஒருத்திதான் இருந்தாள்!