அழிக்கப்படும் ‘இல்ல’

களப்பணியிலிருந்து திரும்பும் ஆய்வு மாணவர் ஒலிப்பதிவை எழுத்தில் பெயர்க்கத் தொடங்கியதும் முதலில் செய்யும் வேலை, பேசியவர் தம்மைத் திருத்திக்கொண்ட இடங்களை நீக்குவது. “அவன் மதுரைக்கு, இல்ல, மதுரையிலேருந்து வந்தான்” என்று ஒருவர் பேசியிருப்பார். ஆய்வேட்டில் “அவன் மதுரையிலேருந்து வந்தான்” என்று ஏறும். இதற்குத் ‘தரவைச் செம்மைப்படுத்துதல்’ என்று பெயர். உண்மையில் இது தரவை அழித்தல்.

இவ்வழக்கத்துக்கு அரணாகக் காட்டப்படுவது சாம்ஸ்கியின் 1965ஆம் ஆண்டு நூல். நினைவின் வரம்பு, கவனச்சிதறல், பிழை ஆகியவற்றால் பாதிக்கப்படாத இலட்சியப் பேச்சாளரையே மொழியியல் கோட்பாட்டின் முதன்மைப் பொருளாக அது கொண்டது. அது கோட்பாட்டின் எல்லையை வகுக்கும் கூற்று; ஒலிப்பதிவில் இருப்பதை இல்லையென்று எழுதத் தரப்பட்ட அனுமதி அன்று.

தன்திருத்தம் முறையற்ற தடுமாற்றம் என்னும் எண்ணமும் எப்போதோ வலுவிழந்துவிட்டது. பிறர் திருத்துவதைவிடப் பேசுபவர் தாமே திருத்திக்கொள்வதற்கே உரையாடலின் அமைப்பு முன்னிடம் தருகிறது என்பதை 1977இல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் காட்டினர். நிறப் புள்ளிகளாலான வடிவங்களை விவரித்த டச்சுப் பேச்சாளர்களின் 959 திருத்தங்களை ஆராய்ந்த லெவல்ட், 1983இல் ஒரு விதியை முன்வைத்தார்: தடைப்பட்ட பகுதியை நிறைவுசெய்து, அதனோடு திருத்தத்தை ‘அல்லது’ கொண்டு இணைத்தால் இலக்கணத்துக்கு உட்பட்ட தொடர் கிடைக்குமாயின், அத்திருத்தமும் இலக்கணத்துக்கு உட்பட்டதே.

மேற்கண்ட தமிழ்த் தொடரில் இவ்விதியைப் பொருத்திப் பார்க்கலாம். ‘மதுரைக்கு அல்லது மதுரையிலேருந்து’ என்பது அமைகிறது. ‘மதுரைக்கு அல்லது இலேருந்து’ என்பது அமையாது. ‘மதுரைக்கு, இல்ல, இலேருந்து’ என்று திருத்துவதும் இயல்பன்று. ஆங்கிலத்தில் ‘டு’ என்று தொடங்கியவர், ஊர்ப்பெயரைச் சொல்லும் முன்பே ‘ஃப்ரம்’ என்று மாற்றிக்கொள்ள முடியும். தமிழில் உருபு பெயரின் ஈற்றில் ஒட்டுகிறது. உருபு பிழைத்தால் பெயரையும் சேர்த்தே மீண்டும் சொல்ல வேண்டும். பிழையைத் திருத்தும் அந்த நொடியிலும், உருபு தனித்து நில்லாது என்னும் இலக்கணத்தைப் பேசுபவர் காக்கிறார். தடுமாற்றம் என்று அடிக்கப்பட்ட பகுதியே இலக்கணத்துக்கான சான்று.

ஆங்கிலத்தையும் ஜப்பானியத்தையும் ஒப்பிட்ட ஃபாக்ஸ், ஹயாஷி, ஜாஸ்பர்சன் ஆகியோரின் 1996ஆம் ஆண்டு ஆய்வு, திருத்தத்தின் வடிவம் அந்தந்த மொழியின் தொடரமைப்பைச் சார்ந்தது என்று நிறுவியது. வினை இறுதியில் வரும், உருபுகள் பின்னால் ஒட்டும் மொழிகள் நிறைந்த இந்தியா, இக்கோட்பாட்டைச் சோதிப்பதற்கான பெருங்களம். அக்களத்தில் நின்றுகொண்டே சான்றுகளைக் குப்பையில் எறிபவர்கள், இந்திய மொழிகளுக்கெனத் தனிக் கோட்பாடு உருவாகவில்லை என்று கருத்தரங்குகளில் வருந்துவது வேடிக்கை.

இழப்பு ஆய்வேட்டோடு நிற்பதில்லை. அமர்வு நீதிமன்றத்தில் சாட்சியம் பொதுவாக விவரண வடிவில் எழுதப்பட வேண்டும் என்பது 2024 வரை நடைமுறையில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276ஆம் பிரிவு. கேள்வி பதிலாகப் பதிவுசெய்வது நீதிபதியின் விருப்புரிமை. “வடக்கேருந்து வந்தான், இல்ல, தெக்கேருந்து” என்று சாட்சி சொல்வது விவரணமாகும்போது, திருத்தம் மறைந்துபோகலாம். அல்லது இரண்டு கூற்றுகளாகப் பிரிந்து முரண்பாடாகத் தோன்றலாம். முதலாவதில் சாட்சி சொன்னது குறைகிறது. இரண்டாவதில் நேர்மையாகத் திருத்திக்கொண்டவர் பொய்யராகிறார். பேச்சை எழுத்தாக்கும் முறையைக் கற்பிக்க வேண்டிய துறையே நீக்கும் பழக்கத்தைக் கற்பிக்குமானால், நீதிமன்ற எழுத்தரைக் குறைசொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது?

வாசிப்பு வசதிக்காகச் சீராக்கிய படி தேவை என்பது நியாயமான வாதம். நாட்டார் கதைத் தொகுப்புக்கு அது பொருந்தும். ஆனால் சீராக்கிய படி இரண்டாவது படியாகத்தான் இருக்க வேண்டும். நிறுத்தம், மறுதொடக்கம், ‘இல்ல’, ‘அது வந்து’ அனைத்தும் இடம்பெற்ற முதற்படி ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருப்பதைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்கட்டும். அது இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர் திருப்பி அனுப்பட்டும். பேசியவர் தம் பிழையைத் தாமே திருத்திக்கொண்டார். அவரை மீண்டும் திருத்தும் உரிமையை ஆய்வாளருக்கு யாரும் வழங்கவில்லை.