வயோதிகர் உயிருக்கு விலை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வயோதிகர் பராமரிப்பு இல்லங்களைப் பற்றி 2024-ஆம் வருஷம் மே மாதம் மத்திய சர்க்கார் ஒரு விதி செய்தது. இல்லத்தில் வசிக்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்குச் சராசரி 3.48 மணி நேரப் பராமரிப்புக் கிடைக்குமளவுக்குச் சிப்பந்திகள் இருக்க வேண்டும். பதிவு பெற்ற நர்ஸ் ஒருவர் இரவும் பகலும் இல்லத்திலேயே இருக்க வேண்டும். விதியின் சாரம் இவ்வளவே. ஆட்களின் எண்ணிக்கை பற்றிய இந்த ஷரத்துக்கள் அமலுக்கு வருமுன்பே, 2025 ஏப்ரலில் டெக்ஸாஸிலுள்ள மத்திய நியாயஸ்தலம் அவற்றை ரத்துச் செய்தது. அதே வருஷம் ஜூலையில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை, 2034 வரையில் அவற்றை அமல் நடத்தலாகாதென்று சட்டமியற்றிற்று. படுக்கையில் கிடக்கும் கிழவருக்கு ஒரு நாளில் மூன்றரை மணி நேரக் கவனம் அதிகமென்று பெரும் பணக்கார தேசமொன்று தீர்மானித்துவிட்டது. இந்தத் தீர்மானத்தின் பின்னே இருக்கும் கணக்கை நம் தேசத்தார் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

நம் ஊர்களில் 'நர்ஸிங் ஹோம்' என்றால் சிறிய தனியார் ஆஸ்பத்திரி என்று பொருள். அமெரிக்காவில் அச்சொல் வேறு. தாமே எழுந்து நடமாடவும் உண்ணவும் இயலாத முதியோர், மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் தங்கும் இல்லம் அது. அத்தகைய இல்லங்கள் அங்கே சுமார் 15,000. அவற்றில் வசிப்போர் சுமார் 12 இலட்சம் பேர். பத்து இல்லங்களில் ஏழு லாபத்துக்காக நடப்பவை. ஆனால் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் செலவு கொடுப்பது, ஏழைகளுக்கான சர்க்கார் வைத்திய நிதி. பணம் பொதுஜனங்களுடையது, லாபம் முதலாளியினுடையது. சிப்பந்திகளைக் குறைத்தால் லாபம் கூடும். இரண்டு மணிக்கொருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க ஆளில்லையென்றால் படுக்கைப்புண் உண்டாகும்; புண் சீழ் வைத்து இரத்தம் கெட்டு மரணம் நேரும். தனிமூலதன நிதிக் கம்பெனிகள் விலைக்கு வாங்கிய இல்லங்களில், குறுகிய காலச் சிகிச்சைக்கு வந்தோரின் மரண விகிதம் சுமார் பத்தில் ஒரு பங்கு உயர்ந்ததாக 2021-இல் பொருளாதார அறிஞர் சிலர் கண்டெழுதியிருக்கிறார்கள்.

2017 செப்டம்பரில் பிளாரிடா மாகாணத்து ஹாலிவுட் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். இர்மா என்ற புயலால் அவ்வூரிலுள்ள ஓர் இல்லத்தில் குளிர்சாதன யந்திரத்துக்குரிய மின்சாரம் அறுந்துபோயிற்று. சுமார் 140 முதியோர் கடும் புழுக்கத்தில் மூன்று நாட்கள் கிடந்தனர். வீதியைக் கடந்தால் எட்டும் தூரத்தில், மின்சாரமும் குளிர்ச்சியும் நிறைந்த பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. மூன்றாம் நாள் அவர்களை அங்கே தூக்கிச் சென்றபோது சிலருக்குத் தேகத்தின் உஷ்ணம் 108 டிகிரியைக் கடந்திருந்தது. பன்னிரண்டு பேருடைய மரணம் மனிதர் செயலால் நேர்ந்ததென்று அதிகாரிகள் தீர்மானித்தனர். 2019-இல் நால்வர் கைதாயினர். மூன்று நர்ஸுகள் மீதிருந்த குற்றச்சாட்டுக்களைச் சர்க்காரே வாபஸ் பெற்றது. நிர்வாகியின் வழக்கில், 2023-இல் பிராஸிக்யூஷன் தரப்பு முடிந்ததும் ஜட்ஜ் அவரை விடுதலை செய்தார். இத்தீர்ப்புச் சட்டப்படி சரியானதாகவே இருக்கலாம். கிரிமினல் நியாயஸ்தலம் ஒரு தனி மனிதனின் குற்றத்தைத் தேடுகிறது; இல்லத்தின் குற்றமோ பலருடைய அலட்சியத்தின் கூட்டாக இருக்கிறது. ஆகவே இறந்தோரின் குடும்பத்தாருக்கு மிஞ்சுவது, பிறர் தவறால் நேர்ந்த மரணத்துக்கு நஷ்டஈடு கோரும் சிவில் வழக்கு ஒன்றே.

அந்த வழக்கின் பூர்வோத்தரத்தைச் சிறிது பார்க்க வேண்டும். 1808-இல் இங்கிலாந்தில் குதிரை வண்டி கவிழ்ந்து ஒருவருடைய மனைவி காயமுற்று, ஒரு மாதத்தில் இறந்துபோனாள். கணவர் வண்டிக்காரர் மீது வழக்குத் தொடர்ந்தார். மனைவி உயிரோடு கிடந்த அந்த ஒரு மாதத்துக்கு மட்டுமே நஷ்டஈடு உண்டென்றும், மனித மரணத்தை சிவில் நியாயஸ்தலத்தில் ஒரு நஷ்டமாகக் கோர முடியாதென்றும் எல்லன்பரோ பிரபு தீர்ப்பளித்தார். அதாவது காயப்படுத்தினால் பணம் கொடுக்க வேண்டும். கொன்றுவிட்டால் கொடுக்க வேண்டுவதில்லை. ரெயில் விபத்துக்கள் பெருகிய பின், 1846-இல் காம்பெல் பிரபுவின் சட்டம் இந்த விபரீதத்தை ஒருவாறு நீக்கியது. அதுவே 1855-இல் 13-ஆவது சட்டமாக நம் நாட்டுக்கும் வந்தது. அமெரிக்க மாகாணங்களும் அதைப் பின்பற்றின. ஆனால் அச்சட்டத்தின் படி அளக்கப்பட்டது உயிரன்று; இறந்தவருடைய சம்பாத்தியத்தில் குடும்பத்தார் இழந்த பங்கு.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு எண்பது வயதுக் கிழவியின் மரணத்தை அளந்தால் என்ன கிடைக்கும்? அவளுக்குச் சம்பளமில்லை; அவளை அண்டிப் பிழைப்பவர் யாருமில்லை; எஞ்சிய ஆயுளும் சில வருஷங்களே. விடை ஏறக்குறையப் பூஜ்யம். சம்பாத்தியத்துக்கு அப்பால் வேதனைக்கும் துக்கத்துக்கும் நஷ்டஈடு கொடுக்கலாமென்று பல மாகாணங்கள் பின்னர் ஒப்புக்கொண்டன. ஆனால் அதற்கும் வரம்பு கட்டினர். கலிபோர்னியாவில் மருத்துவக் கவனக்குறைவு வழக்குகளில் 1975-இல் விதித்த இரண்டரை லட்சம் டாலர் உச்சவரம்பு, 2022 முடியும் வரையில் மாறவில்லை. பிளாரிடாவில் 1990 முதல் உள்ள சட்டம் இன்னும் விசித்திரமானது: மருத்துவக் கவனக்குறைவால் ஒருவர் இறந்து, அவருக்குக் கணவனோ மனைவியோ இல்லாமல் 25 வயது கடந்த பிள்ளைகள் மாத்திரம் இருந்தால், அப்பிள்ளைகள் தங்கள் துக்கத்துக்காக ஒரு காசும் கோர முடியாது. அதை நீக்க மாகாண சட்டசபை 2025-இல் செய்த மசோதாவைக் கவர்னர் நிராகரித்துவிட்டார். பராமரிப்பு இல்லங்களுக்கு அங்கே தனிச் சட்டமுண்டென்பது உண்மையே. ஆயினும் வயோதிகர் மரணத்தை அத்தேசத்தில் எப்படி மதிக்கிறார்களென்பதற்கு இது போதிய சாட்சி.

மதிப்புக் குறைந்த இந்த வழக்கையும் நியாயஸ்தலத்தின் வாசலிலேயே தடுக்க வழிகள் வகுத்திருக்கிறார்கள். தாயைச் சேர்க்கவரும் மகன் கையெழுத்திடும் காகிதக் கட்டில், தகராறு நேர்ந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தரிடமே போவதாக ஓர் ஒப்பந்தம் சேர்ந்திருக்கும். இத்தகைய ஒப்பந்தங்களுக்குக் கென்டக்கி மாகாண நீதிமன்றம் விதித்த தனித் தடையை, 1925-ஆம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டத்தைக் காட்டி 2017-இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு நீக்கிவிட்டது. கையெழுத்திட்டாலன்றிச் சேர்க்க முடியாதென்று நிர்ப்பந்திக்கலாகாதென 2019-இல் மத்திய விதி வந்தது. ஆனால் தாயைக் கட்டிலோடு கொண்டுவந்து நிற்கும் மகன் எந்தத் தாளை நிதானமாகப் படிப்பான்? மேலும், நிலம் ஒரு கம்பெனியின் பெயரில், நிர்வாகம் இன்னொன்றின் பெயரில், லைசென்ஸ் மட்டும் சொத்தில்லாத மூன்றாவதன் பெயரில் இருப்பதுண்டு. டிக்கிரி வாங்கினவன் ஜப்தி செய்ய நாற்காலிகளே மிஞ்சும். 2020-இல் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, பல மாகாணங்கள் இந்த இல்லங்களை வழக்குகளிலிருந்து காப்பாற்றச் சட்டம் செய்தன. நியூயார்க் மாகாணம் ஒரு வருஷத்துக்குப் பின் தன் தவற்றையுணர்ந்து அதை ரத்துச் செய்தது.

இல்ல முதலாளிகளின் வாதத்தையும் கேட்போம். வழக்குகள் பெருகினால் இன்ஷூரன்ஸ் செலவு கூடும், இல்லங்கள் மூடப்படும், கிராமத்துக் கிழவர்களுக்குப் போக்கிடமிராது என்கிறார்கள். வக்கீல்களின் பேராசையைப் பற்றியும் சொல்கிறார்கள். அதில் உண்மை சிறிதுமில்லையென்று நாம் வாதாட மாட்டோம். அத்தொழிலை நாமும் அறிவோம். ஆனால் சர்க்காரின் பரிசோதனையும் வேண்டாம், சிப்பந்தி விதியும் வேண்டாம், வழக்கும் வேண்டாமென்றால், படுக்கையில் கிடப்பவருக்குப் பாதுகாப்பு எது? மூன்றில் ஒன்றேனும் உறுதியாக நிற்க வேண்டாமா?

நம்பிக்கைக்கு இடமில்லாமலில்லை. 1987-இல் அமெரிக்கக் காங்கிரஸ் செய்த சட்டம், நிர்வாகத்தின் சௌகரியத்துக்காக மருந்து கொடுத்து முதியோரை மயக்கி வைக்கலாகாதென்று விதித்தது. அவ்வுரிமை மீறப்பட்டால், சர்க்கார் நடத்தும் இல்லங்களின் மீது 1871-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வழக்காடலாமென்று 2023-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. விடுதலை பெற்ற நீக்ரோ மக்களைக் காப்பதற்கென்று பிறந்த சட்டம் அது. சம்பாத்தியத்தை அளக்காமல் உரிமையை அளக்கும் வழி இருக்கிறதென்பதற்கு இதுவே திருஷ்டாந்தம்.

இனி நம் விஷயம். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் பணம் வாங்கிக்கொண்டு முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் பெருகி வருகின்றன; கடல் கடந்த பிள்ளைகள் மாதந்தோறும் பணம் அனுப்புகிறார்கள். 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், ஜில்லாவுக்கோர் ஏழை முதியோர் இல்லத்தைச் சர்க்கார் 'அமைக்கலாம்' என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று சொல்லவில்லை. இல்லங்களுக்குப் பதிவும் குறைந்தபட்சத் தரமும் விதிக்க 2019-இல் கொண்டுவந்த திருத்த மசோதா, 2024-இல் அந்த லோக்சபையோடு காலாவதியாயிற்று. நஷ்டஈட்டுக் கணக்கோ பழைய கணக்கே. மோட்டார் விபத்துக்களுக்கு நமது சுப்ரீம் கோர்ட்டு 2009-இல் வகுத்த பட்டியலில், இளைஞரின் வருஷ வருமானத்தைப் பதினெட்டால் பெருக்க வேண்டும். 65 வயதைக் கடந்தவருடையதை ஐந்தால் பெருக்க வேண்டும். வருமானமே இல்லாதவருக்கு எதைப் பெருக்குவது?

மூன்று காரியங்கள் உடனே ஆக வேண்டும். பணம் வாங்கும் ஒவ்வொரு முதியோர் இல்லமும் பதிவு பெற்று, இத்தனை பேருக்கு இத்தனை சிப்பந்தி என்ற விதிக்கும் முன்னறிவிப்பில்லாத பரிசோதனைக்கும் உட்பட வேண்டும். வழக்காடும் உரிமையைக் கைவிடும் ஒப்பந்தம் எதுவும் செல்லாதென்று சட்டம் சொல்ல வேண்டும். அலட்சியத்தால் நேர்ந்த மரணத்துக்கு, வயதையும் வருமானத்தையும் பாராமல் ஒரு குறைந்தபட்ச நஷ்டஈடு விதிக்க வேண்டும். அமெரிக்கர் தவறிவிட்டுத் திருத்த முயல்கிறார்கள். நாம் தவறுமுன்பே திருத்திக்கொள்ளலாம். சட்டசபையிலுள்ள நம் பிரதிநிதிகளை இதுபற்றிக் கேள்வி கேட்பது ஒவ்வொரு பிரஜையின் கடமையாகும்.