தேய்ந்து உழைக்கும் கரி

அபிராமபுரத்தில் மிக்ஸி பழுதுபார்க்கும் கடைக்குப் போனால் இந்தப் பதில் காதில் விழும்: "மோட்டார் நல்லாத்தாம்மா இருக்கு, கார்பன்தான் தேஞ்சுபோச்சு." சுண்டுவிரல் நுனியளவு கருப்புக் கட்டைகள் இரண்டை மாற்றியதும் சட்னி அரைபடத் தொடங்கும். கிராபைட் நம் வீட்டில் செய்யும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சுழலும் செம்பை உரசியபடியே மின்சாரத்தைக் கடத்தி, செம்பு தேயாமலிருக்கத் தான் தேய்கிறது.

கிராபைட்டில் கார்பன் அணுக்கள் தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தகட்டுக்குள் பிணைப்பு இறுக்கம். தகடுகளுக்கிடையே பிடிப்பு தளர்வு. அதனால்தான் பென்சில் தாளில் கருமை இழுபடுகிறது, பூட்டுக்குள் தூவினால் சாவி வழுக்கிப் போகிறது. வழுக்கக் காற்றில் ஈரமும் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில், வறண்ட காற்றில் பறந்த விமானங்களின் மோட்டார்களில் இந்தக் கட்டைகள் விரைவிலேயே பொடியாயின. நாம் அலுத்துக்கொள்ளும் சென்னைப் புழுக்கம் மிக்ஸிக்கு நல்லதுதான்.

ஈயம் துளியும் இல்லாத இப்பொருளைக் காரீயம் என்றே சொல்லிவந்தோம். ஐரோப்பியரும் ஈய வகை என்றே நினைத்திருந்தார்கள். 1779இல் வேதியியலாளர் ஷீலே இது கார்பன் என்று காட்டினார். பத்தாண்டு கழித்து கனிமவியலாளர் வெர்னர், எழுதுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராபைட் என்று பெயரிட்டார்.

அந்தக் காரீயத்தில் உலகின் மிகத் தூய்மையான வகை இலங்கையின் போகலையிலும் கஹட்டகஹாவிலும் பாறைப் பிளவுகளில் கிடைக்கிறது. முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் தந்தை இந்தச் சுரங்கத் தொழிலில்தான் பெருஞ்செல்வரானார். முதல் உலகப் போரின்போது உலோகம் உருக்கும் மூசைகளுக்காக ஆண்டுக்கு 30,000 டன்னுக்கும் மேல் கப்பலேறியது. கட்டி அங்கிருந்து போனது. மூசையாக்கிய லாபம் லண்டன் பாட்டர்சியிலும் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியிலும் தங்கியது.

அந்தக் கணக்கு நம் சிவகங்கையில் திரும்பக் கூடாது என்பதே என் கவலை. புதுப்பட்டி, குமாரிபட்டிப் பக்கம் தமிழக அரசின் கனிம நிறுவனமான டாமின் வெட்டியெடுக்கும் தாதுவில் கார்பன் சராசரியாக 14 சதவீதம். அரைத்து நீரில் நுரை எழுப்பினால், நீர் ஒட்டாத கிராபைட் செதில்கள் குமிழிகளோடு மேலே மிதந்து வரும். மண் அடியில் தங்கும். கிராபைட் பயன்படும் லித்தியம் மின்கலத்துக்கு இந்தத் தூய்மை போதாது. 99.95 சதவீதத் தூய்மை வேண்டும், செதில்களை உருண்டையாக்கவும் வேண்டும். அந்த வேலையின் பெரும்பகுதி சீனாவின் கையில். 2023 டிசம்பரில் அந்நாடு கிராபைட் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு இந்தியா வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கிராபைட்டும் இருக்கிறது.

பட்டியலில் சேர்த்தது சரி. சுத்திகரிப்பு ஆலையும் சிவகங்கையிலேயே எழ வேண்டும். மின் ஸ்கூட்டர்கள் உருவாகும் ஓசூருக்கு அங்கிருந்து லாரி ஒரே பகலில் போய்ச்சேரும்.