‘நிரல் தெரிய வேண்டா’ என்பது யாருக்குச் சொன்ன சொல்?



‘நிரலாக்கம் ஒரு வரிகூடத் தெரிய வேண்டா; ஒரே நாளில் பள்ளிக்கு இணையத்தளம்!’ என்னும் முழக்கத்தைக் கேட்டுக் கேட்டுச் செவி புளித்துவிட்டது. தைப்பிங், கமுண்டிங், செலாமா வட்டாரத்தில் இதை நம்பித் தளம் திறந்த ஆசிரியர்களை நான் அறிவேன். அத்தளங்களுட் சில இன்று எந்நிலையில் உள்ளன? தலைப்பின் மேற்பாதி வெட்டுண்டு, பட்டி இரண்டு வரியாய் மடிந்து, மாணவர் கட்டுரையின் நடுவே கேள்விக்குறிகள் முளைத்து நிற்கின்றன. உடனே எழும் பேச்சு, ‘தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குக் கணினி வராது’ என்பதுதானே! இந்தப் பழியை நான் முற்றாக மறுக்கிறேன். குற்றம் ஆசிரியரிடம் இல்லை. அவர் கையில் கொடுக்கப்பட்ட வார்ப்புருவில் இருக்கிறது.

வார்ப்புரு என்பது ஆயத்த ஆடை போன்றது. நிறம், எழுத்துரு, பட்டி, பக்கப்பட்டை அனைத்தையும் முன்கூட்டியே தைத்து வைத்திருப்பார்கள். நாம் உள்ளே நுழைந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால், யாருடைய உடலுக்கு அளவெடுத்தார்கள்? இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் மிகப்பெரும்பாலானவை உரோமன் எழுத்துக்கு அளவெடுக்கப்பட்டவை. தமிழ் அதனுள் நுழையும்போது தையல் பிரிகிறது.

எங்கெங்கே பிரிகிறது என்று பாருங்கள். வரிகளின் உயரத்தைக் குறுக்கி வைத்திருப்பார்கள்; ‘ணீ’யின் மேற்சுழியும் ‘ஞூ’வின் கீழ்வளைவும் அடுத்த வரியோடு மோதும் அல்லது வெட்டுப்படும். தலைப்புக்கு அழகு சேர்ப்பதாக எண்ணி எழுத்துகளுக்கிடையே வெளியைக் கூட்டியிருப்பார்கள். ‘கொ’வின் கொம்பும் காலும் தத்தம் மெய்யை விட்டு விலகி நிற்பதைப் பழைய உலாவிகளில் கண்டிருப்பீர்கள். மேற்கோள் என்றால் சாய்வெழுத்து. தமிழ் எழுத்துக்குச் சாய்வு மரபே இல்லை. ஆதலால் உலாவி தானாகவே எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துவிடுகிறது. பட்டியோ இன்னும் கொடுமை. மலாயில் ‘பி.ஐ.பி.ஜி.’ என நான்கெழுத்தில் முடிவதைத் தமிழில் ‘பெற்றோர் ஆசிரியர் சங்கம்’ என்றல்லவா எழுத வேண்டும்? அந்தச் சிறு கட்டத்தில் அது எப்படி அடங்கும்?

அந்தக் கேள்விக்குறிகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். முகப்பில் கட்டுரையின் தொடக்கத்தை மட்டும் காட்டி மீதியை மறைக்கும் வார்ப்புருக்கள் உண்டு. அவற்றுட் சில, சொல்லை எண்ணாமல் பைட்டை எண்ணி வெட்டுகின்றன. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு. இன்று வழங்கும் யூ.டி.எப்.-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ‘கொ’ என்பது இரண்டு குறியீடு. ஆக 6 பைட்டு. கத்தி நடுவில் விழுந்தால் எழுத்து சிதைந்து, கறுப்புச் சாய்சதுரத்துள் ஒரு கேள்விக்குறி தோன்றும். நான்காம் ஆண்டு மாணவி கட்டுரை எழுதுகிறாள். ஆசிரியை பிழையின்றித் தட்டெழுதுகிறார். பிழை செய்தவன் அவ்விருவருக்கும் முகம் தெரியாத வார்ப்புருக்காரன். பெற்றோர் குறைசொல்வதோ ஆசிரியையை!

‘அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாமே’ என்பார்கள். எதை மாற்றலாம்? நிறத்தை மாற்றலாம், படத்தை மாற்றலாம். வேர்ட்பிரஸ் 2005இல் வார்ப்புரு முறையைக் கொண்டுவந்தது. பிளாகர் 2006இல் இழுத்துவைக்கும் கட்டங்களைத் தந்தது. 2022இல் வேர்ட்பிரஸ் தளம் முழுவதையுமே கட்டங்களாகத் தொகுக்கும் வசதியைத் தந்தது. நல்லதே. ஆயினும், தமிழுக்கு வேண்டிய இடத்தில் பொத்தான் இல்லாத வார்ப்புருக்கள் இன்றும் ஏராளம். அங்கே நிரலைத் திறந்தே ஆகவேண்டும். மழைக்குப் பேர்போன எங்கள் ஊரில் ‘குடை வேண்டா’ என்று சொல்லி ஒருவரைத் தெருவில் இறக்கிவிடுவது போன்றதுதான் இது.

திறந்தாலோ? பிளாகரின் வார்ப்புருக் கோப்பில் ஒரு மூடுகுறி விடுபட்டாலும் சேமிக்க விடாது. விளங்காத ஒரு பிழைச்செய்தி வரும். வேர்ட்பிரஸ் வார்ப்புருவை நேரடியாகத் திருத்தினால், அடுத்த புதுப்பிப்பு வரும்போது திருத்தமெல்லாம் அழிந்துபோகும்; ‘சேய் வார்ப்புரு’ ஒன்றை அமைத்து அதிலே திருத்த வேண்டும் என்பதைத் தொடக்கப் பயிற்சிகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? சில இலவச வார்ப்புருக்களில் அடிக்குறிப்பை நீக்கினால் பக்கமே வேறொருவர் தளத்துக்குத் தாவிவிடும். இலவசம் என்ற பெயரில் விரித்த வலை அது.

‘ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை? காசு கொடுத்துச் செய்துகொள்வோம்’ எனச் சில பெற்றோர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. கொடுங்கள். ஆனால், கடவுச்சொல் யாரிடம் இருக்கும்? செய்து கொடுத்தவர் வேலை மாறிப் போனபின் ஒரு தொலைபேசி எண்ணைக்கூட மாற்ற முடியாமல் நிற்கும் பள்ளிகள் உண்டு. பெரிய ஏற்பாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2012இல் அறிமுகமான பிராக் மெய்நிகர் கற்றல் தளம் இழுத்துப்போட்டால் பக்கம் ஆயத்தம் என்றது. ஆசிரியர்கள் இரவு பகலாய்ப் பக்கங்கள் செய்தார்கள். 2019இல் அமைச்சு அதனைக் கைவிட்டுக் கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறியது. பழைய பக்கம் அதே வடிவில் புதிய இடத்தில் போய் உட்காருமா?

பேரா மாநிலத்தில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல இரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவை. தோட்டம் செம்பனையானது, மக்கள் பட்டணம் போனார்கள், மாணவர் தொகை சுருங்கியது. அப்பள்ளியின் பழைய படங்களும், முன்னாள் தலைமையாசிரியர்களின் பெயர்களும், பிள்ளைகளின் படைப்புகளும் அச்சேறப் போவதில்லை. அவற்றுக்கு இணையத்தளமே ஏடு. அந்த ஏட்டைப் படிக்க முடியாதபடி எழுத்து சிதைந்து கிடந்தால் அது யாருக்கு இழப்பு? ‘கணினி வராது’ என்று சிரிப்பவர்களுக்கு இல்லை.

இத்தனைக்கும் நாம் பின்தங்கிய கூட்டமா? தமிழ்க் கணிமையில் முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் இந்நாட்டவர். அவர் வடித்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றிருக்கின்றன. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடே நடந்தது. எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து சேர்த்தவர்களின் ஊரில், அவ்வெழுத்து திரையில் ஒழுங்காக நிற்க நான்கு வரி திருத்துவதற்கு அஞ்ச வேண்டுமா?

ஆம், நான்கே வரிதான். நிரலாளராக வேண்டா, நிரலைப் படிக்கத் தெரிந்தால் போதும். முதலில் வார்ப்புருவின் படியொன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். பிறகு தேடுபெட்டியில் ‘லைன்-ஹைட்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள், 1.2 என்றிருந்தால் 1.7 ஆக்குங்கள். ‘லெட்டர்-ஸ்பேசிங்’ இருந்தால் 0 ஆக்குங்கள். ‘இட்டாலிக்’ என்னுமிடத்தில் ‘நார்மல்’ என எழுதுங்கள். எழுத்துருப் பெயர்களோடு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற இலவச எழுத்துருக்களுள் ஒன்றைச் சேருங்கள். அதனைத் தளத்தோடு இணைக்கும் வரியைக் கூகுள் எழுத்துருப் பக்கமே தரும். வேற்றுமை உருபுகளையும் புணர்ச்சி விதிகளையும் கற்பிக்கும் நமக்கு இது பெரிய இலக்கணமா, என்ன?

பயிற்றுநர்களுக்கும் ஒரு சொல். வண்ணப் பொத்தான்களைக் காட்டும் பட்டறை இனி எங்களுக்கு வேண்டா. வார்ப்புருவைப் பரிந்துரைக்குமுன் அதன் மாதிரிப் பக்கத்தில் ‘ணீ, ஞூ, கொ, ஸ்ரீ’ என்று தட்டுங்கள். பட்டியில் ‘பெற்றோர் ஆசிரியர் சங்கம்’ என்று இடுங்கள். கைத்தொலைபேசியிலும் திறந்து பாருங்கள். தேறாவிட்டால் எங்களிடம் கொண்டுவராதீர்கள்.

பெற்றோர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் இரண்டு வினாக்களை எழுப்புங்கள்: பள்ளித் தளத்தின் கடவுச்சொல் யார் பெயரில் இருக்கிறது? வார்ப்புருவின் படி பள்ளியில் சேமிக்கப்பட்டிருக்கிறதா? விடை இல்லையென்றால், தளத்திற்குப் புதிய வண்ணம் பூசுவதற்கென்று ஒரு வெள்ளியும் ஒதுக்காதீர்கள்.